கோதுமையை நிறுத்தினால் உடல் தேறுகிறது. சீலியாக் பரிசோதனை எழுதித் தர மருத்துவர் மறுக்கிறார்

கேள்வி: கோவைவாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளாகக் கோவையில் வசிக்கிறேன். மூன்று வேளையும் அரிசிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரவு உணவு சப்பாத்தி என்றாகிவிட்டது. காலையிலும் வாரத்தில் மூன்று நாள் கோதுமை ரவை உப்புமாவோ கோதுமை தோசையோ இருக்கும். அவருக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாக என்று சமைக்க நேரமில்லாததால் வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிட்டு வந்தோம்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து வயிற்று உப்புசம் தொடங்கியது. பிறகு நாளுக்கு நான்கைந்து முறை மலம் இளகிப் போவதும், மாதம் தவறாமல் வாய்ப்புண் வருவதும் வழக்கமாயின. 54 கிலோ இருந்த நான் இன்று 43 கிலோ. ஹீமோகுளோபின் 7.6 வரை இறங்கியது. இரண்டு ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. மூன்று முறை டிரிப்ஸ் மூலம் ஏற்றினார்கள், சில மாதங்களிலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது. மாதவிடாயில் எனக்கு அதிக ரத்தப்போக்கு கிடையாது. மகப்பேறு மருத்துவரும் ஸ்கேன் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் குறையில்லை என்று சொல்லிவிட்டார். என் கை நகங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் தங்கும் அளவுக்குக் குழிந்திருக்கின்றன.

நான் பார்த்துவரும் வயிற்று நோய் மருத்துவர் முதலில் கேஸ்டிரிக் என்றார், பிறகு டென்ஷன் என்றார், பெண்களுக்கு ரத்தச்சோகை சகஜம் என்றும் சொன்னார். சென்ற ஆண்டு எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையில் லேசான அழற்சி, மற்றபடி சாதாரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். திசு எதுவும் எடுக்கவில்லை.

என்னுடன் பணிபுரியும் ஒரு பெண் லூதியானாவைச் சேர்ந்தவர். என் கதையைக் கேட்டதும், தன் அக்காவுக்கு இதே போல் இருந்தது, அது கோதுமையால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் என்று பிறகு கண்டுபிடித்தார்கள், கோதுமையை நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் வயிறு அடங்கியது. இரண்டு மாதமாக வாய்ப்புண் வரவில்லை. இதை மருத்துவரிடம் சொல்லி, சீலியாக் பரிசோதனை எழுதித் தருவீர்களா என்று கேட்டபோது, “அது வடநாட்டுக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் வருகிற நோய், நமக்கு வராது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாப்பிடாதீர்கள், அதற்கு எதற்கு டெஸ்ட்?” என்று முடித்துவிட்டார். நான்கு ஆண்டு ரிப்போர்ட்டுகளை அடுக்கி எடுத்துச் சென்ற ஃபைலை அவர் திறக்கவே இல்லை. வெளியே வந்து வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதேன்.

தமிழர்களுக்கு இந்த நோய் வருமா, வராதா? கோதுமை இல்லாமலே நன்றாக இருக்கிறேன் என்றால் பரிசோதனை உண்மையிலேயே தேவையா? மருத்துவரை எதிர்த்துப் பேசுவது போல ஆகாமல் இதை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வைகைக்கரை

அன்புள்ள சகோதரி, நான் மதுரைக்காரன். வேலை நிமித்தமாகக் குருகிராமில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்குச் சீலியாக் நோய் இருப்பது உறுதியாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே முதல் கேள்விக்கு என் உடம்பே பதில்.

நான் செய்த தவற்றை நீங்கள் தொடரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். நானும் உங்களைப் போலவே முதலில் கோதுமையை நிறுத்தினேன், உடல் தேறியது, ஏழெட்டு மாதம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். இல்லை என்று வந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால்தான் உடல் அதற்கு எதிராக எதிர்பொருளை (ஆன்டிபாடியை) உருவாக்கும். உணவிலிருந்து அதை நீக்கிவிட்டால் சில மாதங்களில் எதிர்பொருளின் அளவு இறங்கிவிடும், குடலின் உட்சுவரும் மெல்ல ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று காகிதத்தில் வந்துவிடும். அதன் பிறகு எனக்கு மருத்துவர் ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிடச் சொல்லி, மறுபடியும் ரத்தம் எடுத்து, திசுப் பரிசோதனை செய்தே உறுதிப்படுத்தினார். அந்த ஆறு வாரம் பட்ட அவதியை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதால் ரத்தத்தில் இன்னும் அடையாளம் இருக்க வாய்ப்புண்டு. எனவே காலம் தாழ்த்தாமல் இப்போதே ஒரு முறை ரத்தம் கொடுங்கள். கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐ.ஜி.ஏ.; கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐ.ஜி.ஏ. என்பது எதிர்பொருளில் ஒரு வகை. சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. சுரப்பு குறைவாக இருக்கும், சீலியாக் நோயாளிகளிடம் இந்தக் குறை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படும். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் செய்தால் தவறாக இல்லை என்று வந்துவிடும்.

“நன்றாக இருக்கிறதே, எதற்கு டெஸ்ட்” என்பதற்கு என் பதில் இது. சீலியாக் என்றால் வாழ்நாள் முழுவதும் ஒரு துளிக் கோதுமையும் கூடாது. கோதுமை வெறுமனே வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விசேஷத்தில் ஒரு பூரி சாப்பிட்டு ஒரு நாள் வயிறு வலித்தால் போயிற்று. எது என்று தெரியாதவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்று, கொஞ்சம் சாப்பிட்டும் கொஞ்சம் விட்டும் காலத்தை ஓட்டுவார்கள். வயிற்றில் தொந்தரவு தெரியாவிட்டாலும் குடல் சேதமாகிக்கொண்டிருக்கும், எலும்பு தேயும், இரும்பும் பி12-ம் உடம்பில் சேராது. எனக்கு 34 வயதில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பு வயதானவருடையது போல இருந்தது. இதையெல்லாம் கண்காணிக்க வேண்டுமானால் நோய்க்கு முதலில் ஒரு பெயர் வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்

முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியில் குடல் திசுக்களைப் பார்த்தவன் என்ற முறையில் சில சொற்கள். உங்களை நான் பரிசோதிக்கவில்லை; எனவே இதை நோய் நிர்ணயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழர்களுக்கு வராது என்பது தவறு. ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக் எதிர்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. இந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும் மருத்துவர் நமக்கு வராது என்று சொல்லிவிடுவார். அதே ஆய்வின் அடுத்த பகுதிதான் முக்கியம். நோய்க்கு இடம் கொடுக்கும் டி.க்யூ.2, டி.க்யூ.8 மரபணுக்கள் வடக்கில் 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கில் 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தன. அதாவது ஏறக்குறைய சமம். பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். விதை நம்மிடமும் இருக்கிறது, அதற்கு விடும் நீர்தான் குறைவு என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சர்க்கரைக்காக வீடு வீடாகச் சப்பாத்திக்கு மாறிவரும் இக்காலத்தில் அந்த 25 கிராம் அப்படியே நிற்கப் போவதில்லை. கோதுமை வந்து ஓராண்டில் நோய் வந்தது என்ற உங்கள் வரிசை என் கவனத்தை ஈர்த்தது அதனால்தான்.

நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைதான் காரணம் என்ற ஐயத்தை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்ப வந்தபோது அவர்கள் மீண்டும் நலிந்ததும் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தின. அங்கே பஞ்சம் சில மாதம் செய்ததை இங்கே அரிசி தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறது.

உங்கள் மருத்துவரின் பக்கமும் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் ரத்தச்சோகையும் சேர்ந்து வந்தால் குடல் காசநோய், ஜியார்டியா ஒட்டுண்ணி, வெப்பமண்டல ஸ்புரூ என்ற குடல் நோய் ஆகியவற்றையும் நினைக்க வேண்டும். ஸ்புரூவில், சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் சிதைந்து தெரிவது சீலியாக்கைப் போலவே இருக்கும். வெறும் திசுவை வைத்து மட்டும் நான் ஒருபோதும் சீலியாக் என்று எழுதியதில்லை. ரத்தத்தில் எதிர்பொருள், திசுவில் சிதைவு, கோதுமை நிறுத்தியபின் முன்னேற்றம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஆமோதிக்க வேண்டும். ஆனால் இத்தனை சாத்தியங்கள் இருப்பது அதிகம் சோதிப்பதற்கான காரணமே தவிர, சோதிக்காமல் அனுப்புவதற்கான காரணம் ஆகாது. இரண்டு ஆண்டுகள் மாத்திரைக்கு மசியாத இரும்புக் குறைபாடு ஒன்றே போதும், சீலியாக் பரிசோதனை எழுத.

எண்டோஸ்கோப்பி சாதாரணம் என்றதில் மனநிறைவு கொள்ள வேண்டாம். முன்சிறுகுடல் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்தும் நுண்ணோக்கியில் உறிஞ்சிகள் தட்டையாகிக் கிடந்த மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். சிதைவு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரே ஒரு துணுக்கு போதாது. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கும், அதன் தொடக்கமான குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும் எடுக்க வேண்டும். அடுத்த முறை குழாய் விடுவதற்கு முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரத்தத்தில் இல்லை என்று வந்து, கோதுமைக்குத் திரும்பவும் உடல் இடம் தராவிட்டால், மரபணுப் பரிசோதனை என்ற வழி இருக்கிறது. அதில் இரண்டு மரபணுக்களும் இல்லை என்றால் சீலியாக் அநேகமாக இல்லை என்று சொல்லிவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகாது, மூன்றில் ஒரு பங்கு மக்களிடம் அது இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: கோவைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. 25 கிராம், 455 கிராம் என்ற கணக்கைப் படித்தபோது எங்கள் வீட்டு மாதப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான்கு பேருக்கு மாதம் 15 கிலோ கோதுமை மாவு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் வருகிறது, ரவையும் மைதாவும் தனி. என் அம்மா வீட்டில் வருடத்துக்கே இவ்வளவு வாங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு பயம். மறுபடியும் கோதுமை சாப்பிடச் சொன்னால் என் உடல் தாங்குமா? இப்போதுதான் ஹீமோகுளோபின் 8.9 வந்திருக்கிறது. இன்னொன்று, மருத்துவரிடம் போய் ஆய்வு, சதவீதம் என்று நான் பேசினால் இணையத்தில் படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று கேட்டுவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: திருச்சியிலிருந்து ஓர் அம்மா

அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும் தங்கச்சி. என் மகள் எட்டு வயதில் ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்தில் இருந்தாள். வயிற்றுப்போக்கு ஒரு நாளும் கிடையாது. “அம்மாவும் அப்பாவும் குட்டை, பிள்ளை எப்படி வளரும்” என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது மருத்துவரிடம் போகும்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஃபைலை எடுத்துப் போகாதீர்கள். வெளியில் நாற்பது பேர் காத்திருக்கும்போது நான்கு ஆண்டுக் காகிதத்தை எந்த மருத்துவரும் புரட்ட மாட்டார். ஒரே ஒரு தாளில், ஒரே பக்கத்தில், கையெழுத்து தெளிவாக, தேதிவாரியாக எழுதுங்கள். கோதுமை தொடங்கிய மாதம், முதல் தொந்தரவு, எடை எப்போது எவ்வளவு, ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) எப்போது எவ்வளவு, எத்தனை முறை டிரிப்ஸ் ஏற்றினார்கள், எண்டோஸ்கோப்பியில் திசு எடுக்கவில்லை என்பது, கோதுமை நிறுத்திய தேதி. கடைசி வரியில் உங்கள் வேண்டுகோளை மட்டும் எழுதுங்கள். சீலியாக் என்று நீங்கள் வாதாட வேண்டியதில்லை. “இரும்பு ஏன் ஏறவில்லை என்பதற்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை, இந்த ஒரு ரத்தப் பரிசோதனையால் ஒரு காரணத்தை விலக்க முடியுமா என்று பார்க்கலாம் அல்லவா, எழுதித் தருவீர்களா ஐயா” என்று கேளுங்கள். மகளின் உயரத்தைச் சொல்லி நான் அந்த மருத்துவரிடம் கேட்டதும் இதே விதத்தில்தான். விலக்குவதற்காக என்று சொன்னதும் அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். அப்படியும் மறுத்தால், தேவையில்லை என்று ஓ.பி. சீட்டிலேயே காரணத்துடன் எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு மருத்துவரைப் பாருங்கள். இத்தனை எடை இழந்த பிறகு மரியாதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மறுபடியும் கோதுமை சாப்பிடுவதை நீங்களாகத் தொடங்கக் கூடாது. இந்த எடையில், இந்த ரத்த அளவில், மருத்துவர் கண்காணிப்பில்தான் அது நடக்க வேண்டும். வைகைக்கரை ஐயா சொன்னபடி முதலில் இப்போதைய நிலையிலேயே ரத்தம் கொடுங்கள்; அதிலேயே தெரிந்துவிட்டால் உங்கள் அவதி குறையும்.

என் மகளுக்கு எதிர்பொருள் மேல் வரம்பைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இன்னொரு நாள் தனியாக எடுத்த ரத்தத்தில் எண்டோமைசியல் எதிர்பொருள் என்ற இன்னொரு சீலியாக் அடையாளமும் உறுதியானதால் எண்டோஸ்கோப்பி இல்லாமலே முடிவு செய்தார்கள். குழந்தைகளுக்கு அந்த வழி உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாகத் திசு எடுத்தே உறுதி செய்கிறார்கள் என்று எங்கள் மருத்துவர் சொன்னார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சப்பாத்தியை நிறுத்திய பிறகும் என் மகளுக்கு எதிர்பொருள் இறங்கவே இல்லை. ஆறு மாதம் தேடினோம். ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்தவள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: கோதுமை மாவு என்றிருந்தது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்துதான் விற்கிறார்கள். அரிசி மாவு கலந்ததும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். மூன்று வேளையும் ரசம், சாம்பார், மோர் என்று நாங்களே அதை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அடுத்தது மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்த கல்லிலேயே நம் அரிசியும் அரைபடும். நாங்கள் மிக்ஸியில் வீட்டிலேயே அரைக்கத் தொடங்கினோம். பார்லிக் கஞ்சியும் மால்ட் சேர்த்த சத்துப் பானங்களும் கூடாது, ரவையும் சேமியாவும் கோதுமைதான். இட்லி, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் இருக்க நமக்கு என்ன குறை? பஞ்சாபில் இருக்கும் தாய்மார்கள் பாவம், அவர்களுக்குத்தான் அடுப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது.

உறுதியானால் உங்கள் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: கோவைவாசி (மூன்று வாரங்களுக்குப் பின்)

அக்கா சொன்னபடி ஒரே தாளில் எழுதி எடுத்துச் சென்றேன். அதே மருத்துவரிடம்தான் போனேன். பேசுவதற்கு முன் தாளை மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் எடை வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார், 54, 51, 47, 43 என்று தமக்குள்ளே படித்தார். “இவ்வளவு இறங்கியிருக்கிறதா?” என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பரிசோதனைகளையும் எழுதித் தந்தார்.

மொத்த ஐ.ஜி.ஏ. சரியாக இருக்கிறது. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் 20-க்குள் இருக்க வேண்டியது 118 வந்திருக்கிறது. அதுவும் கோதுமை இல்லாத இரண்டு மாதத்துக்குப் பிறகு. ரிசல்ட்டைப் பார்த்தவர் அவராகவே தொலைபேசியில் அழைத்து, எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருக்கிறார். ஆறு துணுக்குகள் எடுப்பதாகச் சொன்னார். அன்றுவரை அவர் மேற்பார்வையில் மதியம் ஒன்றும் இரவு ஒன்றுமாக இரண்டு சப்பாத்தி சாப்பிடுகிறேன். நான்காம் நாளே உப்புசம் திரும்பிவிட்டது. காரணம் தெரிந்து படுகிற வலியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் அடிக்கடி வாய்ப்புண் வருகிறது. இதெல்லாம் படித்த அன்றைக்கே அவன் தட்டிலிருந்து சப்பாத்தியை எடுத்துவிடக் கை துடித்தது, எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவனுக்கு ரத்தம் எடுக்கிறார்கள்.